கடலோர மனையும் கையில் வரும் காகிதமும்
வெளிநாட்டுக் கூட்டுக் குடியிருப்பில் நிலம் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருநாள் கைப்பேசியில் சில படங்களை அனுப்புகிறார். நீலக் கடல், தென்னை மரங்கள், மரத்தால் கட்டிய சிறு வீடுகள். கூடவே ஒரு குரல் செய்தி. "இருபது குடும்பம் சேர்ந்து வாழப்போற கிராமம் வாப்பா. எல்லாரும் ஒரே எண்ணம் உள்ளவங்க. தோட்டம் பொது, கிணறு பொது, தொழுகைக்கும் இடம் ஒதுக்கியிருக்காங்க. ஊர்ல சும்மா கிடக்குற மனையை வித்தா ஒரு பங்கு வாங்கிடலாம்."

இப்படி ஓர் ஆசை தோன்றுவதில் தவறேதும் இல்லை. நல்ல அண்டை வீட்டார், சுத்தமான காற்று, பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடான சூழல் ஆகியவற்றை யார்தான் விரும்பமாட்டார்கள்? ஆனால் ஊரில் "சும்மா கிடக்கும்" அந்த மனை பெரும்பாலும் சும்மா கிடப்பதில்லை. அது ஒரு மகளின் கல்யாணத்துக்கோ, தாயின் வைத்தியச் செலவுக்கோ வைத்திருக்கும் இருப்பு. அதை விற்று வாங்கும் சொத்து உண்மையில் என்ன என்று தெரிந்த பிறகே விற்க வேண்டும்.

இத்தகைய விளம்பரங்களில் அடிக்கடி வரும் நாடுகளில் ஒன்று மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகா. ஒருபுறம் பசிபிக் பெருங்கடலும் மறுபுறம் கரீபியன் கடலும் கொண்ட சிறிய நாடு. அதன் கடற்கரைச் சட்டம் தெளிவாக எழுதப்பட்டிருப்பதால் அதையே எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். நாடு வேறானால் சட்டமும் வேறாகும். கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஒரு விலையில் மூன்று பொருள்கள்

ஒரே நோக்கத்தோடு கூடி வாழ்வதற்காகச் சிலர் சேர்ந்து அமைக்கும் சிறு ஊரை இக்கட்டுரையில் கூட்டுக் குடியிருப்பு என்று அழைப்போம். அங்கே "ஒரு பங்கு இவ்வளவு டாலர்" என்று சொல்லும்போது அந்தத் தொகைக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது நிலம். இரண்டாவது உறுப்பினர் தகுதி, அதாவது அந்த ஊரில் ஒருவராக இருக்கும் உரிமை. மூன்றாவது வாக்குறுதிகள். சாலை வரும், தண்ணீர் வரும், பள்ளிவாசல் வரும், பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும் என்பவை எல்லாம் இதில் அடங்கும்.

மூன்றுக்கும் தனித்தனிக் காகிதம் வேண்டும். நிலத்துக்குப் பதிவு செய்த பத்திரம், உறுப்பினர் தகுதிக்கு விதிமுறைகளும் ஒப்பந்தமும், வாக்குறுதிகளுக்குத் தேதியும் பொறுப்பாளரும் குறிப்பிட்ட எழுத்து. பலருக்குக் கையில் கிடைப்பது இரண்டாவது காகிதம் மட்டுமே. அதை நிலப் பத்திரம் என்று நினைத்துப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

நூறாண்டு தாண்டிய ஓர் எடுத்துக்காட்டு

நிலம் வேறு, வீடு வேறு, உறுப்பினர் தகுதி வேறு என்பதை நாணயமாக, எல்லோருக்கும் தெரியும்படி நடத்திக்காட்டிய ஊர் ஒன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் விரிகுடாக் கரையில் இருக்கிறது. பெயர் ஃபேர்ஹோப். பொருளியல் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் கருத்துகளை ஏற்றுக்கொண்ட 28 பேர் 1894 நவம்பரில் அந்தக் குடியிருப்பைத் தொடங்கினர். நிலத்தின் மதிப்பு ஊர் சேர்ந்து உண்டாக்குவது, ஆகவே அதன் பலனும் ஊருக்கே சேர வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

அங்கே நிலம் முழுவதும் ஒரு பொது நிறுவனத்தின் பெயரில் இருந்தது. குடியேறியவர்களுக்கு 99 ஆண்டுக் குத்தகை. கட்டிய வீடு அவரவருடையது. நிலத்துக்கு மட்டும் ஆண்டுதோறும் வாடகை. அந்த வாடகையிலிருந்து நிறுவனமே அரசுக்கு நில வரி கட்டியது. இந்த நிறுவனம் இன்றும் அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை வைத்திருக்கிறது. நம் வக்ஃபு நிலத்தில் வாடகை கொடுத்து வீடு கட்டியிருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் புரியும்.

நிலம் தன் பெயரில் இல்லாமலே நாலு தலைமுறை நிம்மதியாக வாழ முடியும் என்பதற்கு ஃபேர்ஹோப் சாட்சி. குத்தகை எத்தனை ஆண்டு, வாடகை எவ்வளவு, விற்றால் எது கைமாறும் என்பதெல்லாம் முதல் நாளிலேயே எழுத்தில் இருந்ததால் அது சாத்தியமாயிற்று.

அங்கிருந்து கோஸ்டா ரிகாவுக்கு

அதே ஃபேர்ஹோப் பகுதியில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாழ்ந்துவந்தனர். போரில் பங்கேற்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. கட்டாய ராணுவச் சேவைக்குப் பெயர் பதிய மறுத்ததற்காக அவர்களில் நான்கு இளைஞர்கள் 1949இல் சிறைத் தண்டனை பெற்றனர். அதன் பிறகு சில குடும்பங்கள் நாட்டைவிட்டே போவது என்று முடிவு செய்தன. 1948இல் ராணுவத்தைக் கலைத்துவிட்ட கோஸ்டா ரிகாவை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். 11 குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 44 பேர் அங்கே போய், 1951இல் திலாரான் மலைப்பகுதியில் சுமார் 1,400 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 3,450 ஏக்கர் நிலத்தை வாங்கினர். அந்த இடத்துக்கு மொந்தெவெர்தே என்று பெயர் வைத்தனர். பாலாடைக்கட்டித் தொழிற்சாலை அமைத்துப் பிழைத்தனர்.

அவர்கள் செய்த இரண்டு காரியங்களை நாம் கவனிக்க வேண்டும். அந்த நிலத்தில் ஏற்கெனவே பயிர் செய்து வாழ்ந்துகொண்டிருந்த எளிய மக்கள் சிலர் இருந்தனர். நிலச் சொந்தக்காரருக்குப் பணம் கொடுத்ததோடு நிற்காமல், இவர்களின் அனுபோக உரிமைக்கும் தனியே விலை கொடுத்துத் தீர்த்துக்கொண்டனர். அடுத்ததாக, வாங்கிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக, சுமார் 554 ஹெக்டேர் மலைக்காட்டை யாரும் வெட்டாமல் ஒதுக்கிவைத்தனர். ஊருக்குத் தண்ணீர் அந்தக் காட்டிலிருந்துதான் வந்தது.

மொந்தெவெர்தே மலையில் இருக்கிறது. கடற்கரை நிலத்துக்கு வந்தால் இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. அதுதான் அரசின் உரிமை.

200 மீட்டர் சட்டம்

கோஸ்டா ரிகாவில் 1977இல் 6043 என்ற எண்ணுள்ள கடற்கரை மண்டலச் சட்டம் வந்தது. வழக்கமான ஓதம் ஏறி நிற்கும் கோட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் 200 மீட்டர், அதாவது ஏறக்குறைய 656 அடி அகலமுள்ள நிலம் அரசுக்குச் சொந்தம் என்று அது சொல்கிறது. இந்த 200 மீட்டரும் இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது.

முதல் 50 மீட்டர் பொது மண்டலம். இதை யாரும் வாங்கவோ, வேலி போடவோ, வீடு கட்டவோ முடியாது. மீனவரும் குளிக்க வருபவரும் தடையின்றி நடமாடும் இடம் அது. சதுப்புநிலக் காடுகள் எவ்வளவு தூரம் உள்ளே போனாலும் அவையும் பொது மண்டலமே. ஆகவே "தனியார் கடற்கரை" என்று விளம்பரத்தில் பார்த்தால் அந்த ஒரு சொல்லே எச்சரிக்கை.

அடுத்த 150 மீட்டர் கட்டுப்பாட்டு மண்டலம். இதுவும் விற்பனைக்கு இல்லை. நகராட்சி இதைப் பயன்பாட்டு உரிமமாகக் கொடுக்கலாம். 5 ஆண்டுக்குக் குறையாமலும் 20 ஆண்டுக்கு மிகாமலும் உரிமக் காலம் இருக்கும், பிறகு புதுப்பிக்கலாம். ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. அந்தப் பகுதிக்கு அங்கீகரிக்கப்பட்ட நில அமைப்புத் திட்டம் இருந்தால்தான் உரிமமே தர முடியும். நகராட்சியின் சம்மதம் இல்லாமல் உரிமத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. விதியை மீறியதால் உரிமம் ரத்தானால், கட்டிய வீடு இழப்பீடு இன்றி நகராட்சிக்குப் போய்விடும். உரிமமே இல்லாமல் கட்டியிருந்தால் இடித்துத் தள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது.

சில கடலோர நகரப் பகுதிகளுக்கும், சட்டம் வருவதற்கு முன்பே முறையாகப் பதிவான சில நிலங்களுக்கும் விதிவிலக்கு உண்டு. "எங்களுடையது அந்த விதிவிலக்கு" என்று விற்பவர் சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. பதிவகத்தின் ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

உரிமத்துக்கும் குறைவான இன்னொரு காகிதம் உண்டு. அது தற்காலிகப் பயன்பாட்டு அனுமதி. நகராட்சி எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடியது. நம் ஊரில் புறம்போக்கில் குடியிருப்பவரிடம் வரி ரசீது இருப்பது போன்ற நிலைமைதான் அது. ரசீது இருக்கும், பட்டா இருக்காது. அதையும் "கடலோர நிலம்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இரவல் பெயர்

இந்த 150 மீட்டர் உரிமத்தை வெளிநாட்டவர் பெற முடியுமா? அந்த நாட்டில் குறைந்தது 5 ஆண்டு வசித்தவராக இருந்தால் மட்டுமே முடியும். வெளிநாட்டவருக்குப் பாதிக்கு மேல் பங்குள்ள நிறுவனமும் பெற முடியாது.

இங்கேதான் "உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் எடுத்துக்கொள்வோம், உள்ளுக்குள் நமக்குத் தனி ஒப்பந்தம் இருக்கும்" என்ற யோசனை வருகிறது. அந்த ஒப்பந்தம் சட்டத்தைச் சுற்றிப் போவதற்காக எழுதப்பட்டது. தகராறு வந்தால் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போவது எப்படி? பெயர் கொடுத்தவர் மனம் மாறலாம், கடனாளியாகலாம், மரணிக்கலாம். அவருடைய வாரிசுகள் உங்களை யாரென்று கேட்பார்கள்.

இது ஒரு நாட்டின் கதை மட்டுமல்ல. இந்தோனேசியாவில் 1960ஆம் ஆண்டின் வேளாண் நிலச் சட்டப்படி முழு உடைமை உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. வெளிநாட்டவருக்காக இரவல் பெயரில் வாங்குவது செல்லாது. மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நில உடைமை பெற முடியாது. வங்கி ஒன்று அறங்காவலராக இருந்து நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும். 50 ஆண்டுக்கான அந்த ஏற்பாட்டைப் புதுப்பிக்கலாம். சட்டமே காட்டும் வழி ஒன்று இருக்கும்போது சந்து வழி எதற்கு?

200 மீட்டருக்கு அப்பால்

அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் கோஸ்டா ரிகாவில் நிலைமை மாறுகிறது. பதிவான தனியார் நிலத்தை வெளிநாட்டவரும் அந்நாட்டுக் குடிமகனைப் போலவே வாங்கலாம். சுற்றுலாப் பயணியாகப் போனவர்கூட வாங்க முடியும். ஆனால் நிலம் வாங்கிய மாத்திரத்தில் குடியிருப்பு உரிமை வந்துவிடாது. முதலீட்டாளர் என்ற முறையில் அதற்கு விண்ணப்பிக்க 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 1,50,000 டாலர் முதலீடு காட்ட வேண்டும்.

சொத்துகள் தேசியப் பதிவகத்தில் பதிவாகின்றன. ஒவ்வொரு சொத்துக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு உரிமையாளர் யார், அடமானம் உண்டா, வழக்கு நிலுவையில் உள்ளதா என்று பார்க்கலாம். நம் ஊர் வில்லங்கச் சான்று போன்ற வேலையை அது செய்கிறது. கூடவே பதிவான அளவை வரைபடம் ஒன்றும் இருக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள பரப்பும் வரைபடத்தில் உள்ள பரப்பும் நேரில் உள்ள வேலியும் ஒத்துப்போகின்றனவா என்று நில அளவையாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். 200 மீட்டர் கோட்டுக்கு அருகில் உள்ள நிலமானால் இது மிக முக்கியம்.

கிரயப் பத்திரத்தை வழக்கறிஞராகவும் உள்ள நோட்டரிதான் எழுதிப் பதிவுக்கு அனுப்புவார். விற்பவரின் நோட்டரியையே நம்பாமல், உங்களுக்கென்று தனியாக ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். சொத்து மாற்ற வரி 1.5 சதவீதம், ஆண்டுச் சொத்து வரி மதிப்பில் 0.25 சதவீதம். ஒழுங்கான பரிசோதனைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பது வீண்.

வாங்கிய பின் பூட்டிப் போட்டுவிட்டு வந்துவிடவும் கூடாது. ஆளில்லாத நிலத்தில் பிறர் குடியேறி, சட்டம் கேட்கும் நிபந்தனைகளோடு 10 ஆண்டு அனுபவித்தால் உரிமை கோர அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. மேற்பார்வைக்கு ஆள் வேண்டும். அதற்கும் மாதச் செலவு உண்டு.

பங்கு என்பது எந்தப் பங்கு?

கூட்டுக் குடியிருப்புகள் நிலத்தைப் பல விதமாக வைத்திருக்கின்றன. மூன்று முறைகளை அறிந்துகொள்வது போதும்.

முதல் முறையில் ஒவ்வொரு மனையும் தனித்தனிப் பதிவு எண்ணோடு பிரிக்கப்பட்டிருக்கும். பொதுச் சாலைக்கும் தோட்டத்துக்கும் எல்லோரும் பராமரிப்புக் கட்டணம் தருவார்கள். உங்கள் பெயரில் பத்திரம் இருக்கும். விற்கலாம், எழுதிவைக்கலாம். மூன்றிலும் பலமானது இது.

இரண்டாவது முறையில் முழு நிலமும் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது அந்த நிறுவனத்தின் பங்கு. நிறுவனம் கடன் வாங்கினால் உங்கள் வீடு நிற்கும் மண்ணும் அதற்குப் பொறுப்பாகும். அங்கே நிறுவனங்கள் ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டு கட்டாவிட்டால் நிறுவனமே கலைக்கப்படலாம். கணக்கு யாரிடம் இருக்கிறது, கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று கேளுங்கள்.

மூன்றாவது முறையில் நிலம் தொடங்கியவர் ஒருவரின் பெயரிலேயே இருக்கும். "எல்லாரும் சேர்ந்த பிறகு பிரித்துத் தருகிறேன்" என்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் அவர் இறந்தால் அது அவர் வாரிசுகளின் சொத்து, உங்களுடையதல்ல.

விவசாய மனைகளாகப் பிரித்து விற்கும் வழக்கமும் உண்டு. அப்படிப் பிரித்தால் ஒவ்வொன்றும் விதி சொல்லும் குறைந்தபட்சப் பரப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கட்டடத்துக்கு அனுமதிக்கும் பரப்பும் 15 சதவீதத்துக்குள்தான். இருபது வீடு நெருக்கமாகக் கட்டிய படத்தைக் காட்டிவிட்டு விவசாய மனையை விற்றால், அந்தப் படத்தில் உள்ள ஊர் அங்கே வராது.

தண்ணீர்

கோஸ்டா ரிகாவின் பசிபிக் கரையில் குவானகாஸ்தே பகுதி வறண்டது. ஏறக்குறைய டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லை. அங்கே வீடு கட்ட அனுமதி பெற, தண்ணீர் வழங்கும் அமைப்பிடமிருந்து இந்த மனைக்குத் தண்ணீர் கிடைக்கும் என்று ஒரு கடிதம் வேண்டும். அது இல்லாவிட்டால் கட்டட அனுமதி இல்லை. "கிணறு தோண்டிக்கொள்ளலாம்" என்ற வாய்ப்பேச்சு போதாது, கிணற்றுக்கும் அனுமதி உண்டு. உப்புத் தண்ணீர் ஊறிய கிணறு என்னவென்று கடலோரத்தில் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிந்தால் கோடையில் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் எல்லா மனையும் பச்சையாகத்தான் இருக்கும்.

இங்கிருந்து பணம் போகும்போது

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அதில் வெளிநாட்டு நிலம் வாங்கவும் இடமுண்டு. 2025 ஏப்ரல் முதல், இத்தகைய முதலீட்டுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகையில் 20 சதவீதத்தை வங்கி முன்வரியாகப் பிடிக்கும். பிறகு வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். விலையைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் வழி வங்கி மட்டுமே. உண்டியல் மூலம் அனுப்பிய பணத்தில் வாங்கிய நிலத்தை நாளை விற்றாலும், அந்தப் பணத்தை முறையாக இங்கே கொண்டுவர முடியாமல் தவிக்க நேரிடும். அனுப்பியதே அந்நியச் செலாவணிச் சட்டப்படி விதிமீறல்.

இங்கே வசிப்பவர் வெளிநாட்டுச் சொத்தை வருமான வரிக் கணக்கின் தனி அட்டவணையில் காட்ட வேண்டும். அதிலிருந்து வருமானம் எதுவும் இல்லாவிட்டாலும் காட்டியாக வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்து வாங்கிய சொத்தை, ஊர் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஊர் திரும்பி நிரந்தரமாக வசிக்கத் தொடங்கிய பின் அதையும் கணக்கில் காட்ட வேண்டும்.

மனைவி மக்களின் நிலை

வாங்குபவர் உயிரோடு இருக்கும்வரை எல்லாம் சீராகவே தோன்றும். பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டப்படியே வாரிசுரிமை பார்க்கப்படுவது பொதுவான நடைமுறை. கோஸ்டா ரிகாவில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைகள், பெற்றோர், வாழ்க்கைத் துணை ஆகியோர் ஒரே வரிசையில் வாரிசுகள் ஆகிறார்கள். மார்க்கம் வகுத்த பாகப்பிரிவினையிலிருந்து அது வேறுபட்டது. ஆனால் அதே சட்டம் உயில் எழுதுவதில் பெரும் சுதந்திரத்தையும் தருகிறது. வாழ்க்கைச் செலவுக்கு நம்பியிருப்பவர்களைக் கைவிடக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. ஆகவே மார்க்கப்படி பங்கு சேர வேண்டும் என்று விரும்புபவர், ஓர் ஆலிமையும் அந்நாட்டு வழக்கறிஞரையும் கலந்து, வாங்கும் நாளிலேயே உயில் எழுதிவிடலாம்.

அதோடு, சொத்தின் பதிவு எண், வழக்கறிஞரின் விவரம், வரி கட்டிய ரசீதுகள், உறுப்பினர் ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்பது மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணவர் மறைந்த பின், மொழி தெரியாத நாட்டில் உள்ள நிலத்தின் பெயர்கூடத் தெரியாமல் ஒரு பெண் நிற்பதைவிட வேதனை வேறில்லை.

உயிரோடு இருக்கும்போதே விலக நேர்ந்தால் என்ன செய்வது என்பதும் எழுத்தில் வேண்டும். உறுப்பினர்களுக்கு இடையே மனக்கசப்பு வருவது இயல்பு. அப்போது பங்கை யாருக்கு விற்கலாம், விலையை யார் தீர்மானிப்பார்கள், எத்தனை மாதத்தில் பணம் தருவார்கள் என்று விதிமுறையில் இல்லாவிட்டால், கூட்டு வாழ்க்கை கூண்டு வாழ்க்கையாகிவிடும்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்கு வழிகாட்டுகிறது. தன் கைவசம் இல்லாததை விற்பதும், எது விற்கப்படுகிறது என்றே தெளிவில்லாத வியாபாரமும் மார்க்கத்தில் தடுக்கப்பட்டவை. ஆகவே "எழுத்தில் தாருங்கள்" என்று கேட்பது அவநம்பிக்கை ஆகாது. நல்ல எண்ணமுள்ள விற்பனையாளர் அதற்காக வருத்தப்படமாட்டார். விற்று லாபம் பார்க்கும் எண்ணத்தோடு வாங்கினால் அந்நிலத்துக்கான ஜகாத் பற்றியும் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள்

நாம் வாங்கப்போகும் கரையிலும் மீனவர்கள் இருப்பார்கள். அவர்கள் வலை காயப்போடும் இடத்தில் வேலி போட்டு, அவர்கள் குடிக்கும் தண்ணீரை இழுத்து நாம் நல்ல ஊர் அமைக்க முடியுமா? நம் கடற்கரையில் வெளியார் வந்து அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்? மொந்தெவெர்தேக்குப் போனவர்கள் ஏழை விவசாயியின் உரிமைக்கும் விலை கொடுத்ததை மறந்துவிடக் கூடாது. நேரில் போகும்போது விற்பவரின் காரில் மட்டும் சுற்றாமல், பக்கத்து ஊர்க்காரர்களிடமும் நகராட்சி அலுவலகத்திலும் விசாரியுங்கள். தகராறு இருந்தால் முதலில் சொல்பவர்கள் அவர்களே.

முன்பணம் கொடுக்கும் முன் பத்துக் கேள்விகள்

1. எனக்குக் கிடைப்பது உடைமையா, குத்தகையா, அரசு உரிமமா, நிறுவனப் பங்கா, வெறும் உறுப்பினர் தகுதியா?
2. சொத்தின் பதிவு எண் என்ன? இன்று பதிவகத்தில் யார் பெயரில் இருக்கிறது?
3. ஓதக் கோட்டிலிருந்து நிலம் எத்தனை மீட்டர்? அளந்தது யார்?
4. என் நாட்டவர் என் பெயரில் இதை வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறதா?
5. அடமானம், வழக்கு, அனுபோகக்காரர் உண்டா?
6. தண்ணீர்க் கடிதம் இந்த மனைக்கு இருக்கிறதா?
7. சாலை பொதுச் சாலையா, பிறர் நிலத்தின் வழியா? வழி உரிமை பதிவாகியுள்ளதா?
8. ஆண்டுதோறும் வரி, கட்டணம், பராமரிப்பு, காவல் எல்லாம் சேர்த்து எவ்வளவு?
9. விலகினால், விற்றால், இறந்தால் என்ன ஆகும்? எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?
10. வாக்களித்தவற்றில் இன்று கட்டி முடிந்தவை எவை? மற்றவற்றுக்குத் தேதி என்ன?

இவற்றில் முதல் ஐந்தில் ஒன்றுக்காவது காகிதத்தோடு பதில் வராவிட்டால், ஊர் மனையை விற்காதீர்கள். பதில்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் ஒருமுறை நேரில் போய், முடிந்தால் சில வாரங்கள் வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். கூடி வாழ வேண்டிய மனிதர்களைப் படத்தில் பார்த்து அறிய முடியாது.

படம் அனுப்பிய பிள்ளைக்கு "வேண்டாம்" என்று உடனே சொல்லி மனம் நோகச் செய்ய வேண்டியதில்லை. "இந்தப் பத்துக்கும் பதில் வாங்கி அனுப்பு வாப்பா, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பதில் வந்தால் குடும்பத்தோடு ஆலோசித்து, இஸ்திகாரா செய்து முடிவெடுக்கலாம். பதில் வராமலே போனால் அதுவும் ஒரு பதில்தான்.

உழைத்துச் சேர்த்த பொருளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.